ஊர்க் கண்மாய் வேலையை முன்னின்று நடத்துபவருக்கு: எங்கே கொதிக்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும்

கண்மாய் தூர்ந்து கிடப்பதைப் பார்த்து வயிறு எரியாதவர் இந்த வேலைக்கு வர மாட்டார். அந்த எரிச்சல்தான் முதல் இருபது பேரைக் கூட்டித் தரும். ஆனால் தாசில்தாரின் கையெழுத்தையும், உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், கரும்பு போட்டிருக்கும் சித்தப்பாவின் சம்மதத்தையும் அது வாங்கித் தராது. அதற்கு ஆள் அறிந்து, நேரம் அறிந்து நடக்கும் சாமர்த்தியம் வேண்டும். கொதிப்பு மட்டும் உள்ளவர் மூன்றாம் மாதம் தனியாக நிற்பார். சாமர்த்தியம் மட்டும் உள்ளவர் மூன்றாம் வருடம் ஒப்பந்ததாரர் ஆகியிருப்பார்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. இங்கே சொல்வது தென்மாவட்டக் கண்மாய்களை மனதில் வைத்து. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையை வடக்கே மதகு என்பார்கள், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கைக் கலங்கல் என்பார்கள். ஆட்களின் குணம் பெரிதாக மாறாது.

முதலில் கோபத்துக்கு ஒரு கணக்கு

‘கண்மாயை முழுசா தூர்வாருவோம்’ என்று முதல் கூட்டத்தில் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கைத்தட்டல் கிடைக்கும். பிறகு அந்தச் சொல்லே கழுத்தில் கல்லாகத் தொங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் மண் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,233 கன மீட்டர். டிராக்டர் ஒரு லோடுக்கு 3 கன மீட்டர் என்றால் 411 லோடு. ஐம்பது ஏக்கர் கண்மாய்க்கு இருபதாயிரம் லோடைத் தாண்டும். அதுவும் ஓரடிக்கு மட்டும்.

அதனால் சின்னதாக, கண்ணுக்குத் தெரிவதாக, மழைக்குமுன் முடிவதாக ஒன்றைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது வரத்துக்காலாகத்தான் இருக்கும். தண்ணீர் வந்து சேர வழி இல்லாத கண்மாயை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அது வெறும் பள்ளம். அடுத்தது மடை: கதவு மூடித் திறக்கிறதா, இடுக்கு வழியாக ஒழுகுகிறதா என்று பாருங்கள். மண் எடுப்பது மூன்றாவது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் வழக்கமான தப்பு. பொக்லைன் ஓடுவது போட்டோவில் நன்றாக விழும், கால்வாயில் முள் வெட்டுவது விழாது.

இலக்கை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். இப்படி: ‘புரட்டாசி முடியுமுன் வரத்துக்கால் தலையிலிருந்து கண்மாய் வரை திறந்திருக்க வேண்டும், இரண்டாம் மடைக் கதவை மூடவும் திறக்கவும் முடிய வேண்டும், மூன்றாம் மடை முன்னால் ஐந்து ஏக்கரில் ஓரடி மண் எடுபட வேண்டும்.’ அதற்குக் கீழே இரண்டு பத்தி போடுங்கள். எதை யார் கேட்டாலும் விடமாட்டோம் என்பது ஒன்று. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது இன்னொன்று. வரத்துக்காலின் அகலம் முதல் பத்தியில் வரும். எந்த நாளில் வேலை தொடங்குவது, யார் தேங்காய் உடைப்பது, பேனரில் யார் படம் போடுவது எல்லாம் இரண்டாம் பத்தி. இந்தத் தாளைப் பொதுவில் வைக்காதீர்கள். உங்களோடு கடைசிவரை நிற்பார்கள் என்று நம்பும் நான்கைந்து பேருக்குத் தெரிந்தால் போதும்.

கண்மாய் யாருடையது, யாருக்கு நட்டம்

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கர் அளவுக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஒன்றியத்தின் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு நான்கு மாதம் நடந்தவர்கள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலப் பதிவான ‘அ’ பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலையும் பார்த்து சர்வே எண், பரப்பு, வரத்துக்கால் எந்தெந்தப் புலம் வழியாக வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கால்வாய் பக்கத்து ஊர் எல்லையில் தொடங்கினால், அந்த ஊர்க்காரர்களும் உங்கள் கணக்கில் சேர்த்தி.

அடுத்து ஒரு நோட்டில் பெயர்களை எழுதுங்கள். இந்த வேலை நடந்தால் யாருக்கு என்ன போகும் என்பதுதான் கேள்வி. மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு மடையைத் திறந்து தண்ணீரை வற்றவிட்டால் மீன் போகும். உள்வாயில் பயிர் வைத்தவருக்கு நிலம் போகும். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கு விறகு போகும். ஆடு மாடு மேய்ப்பவருக்கு ஒரு கோடைக்கு மேய்ச்சல் போகும். செங்கல் சூளைக்காரருக்கு மட்டும் லாபம். அதனால்தான் அவர் முதல் நாளே வண்டி தருகிறேன் என்று வருவார்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று விஷயம் வேண்டும்: அவருக்கு என்ன நட்டம், அதை எப்படிக் குறைக்கலாம், அவர் யார் சொன்னால் கேட்பார். மூன்றாவதைத்தான் இளவட்டங்கள் விட்டுவிடுகிறார்கள். குத்தகைக்காரர் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார், அவருடைய மாமனார் பேச்சைக் கேட்பார் என்றால் போக வேண்டிய வீடு மாமனார் வீடு. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நட்டத்தைக் குறைப்பது பல இடங்களில் நாள் கணக்கில்தான் இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் அதை ஒட்டியே ஓடும். மடை வேலையை ஜூலைக்குத் தள்ளினால் அவரிடம் சண்டைக்கே இடமில்லை. கரும்புக்காரரிடமும் அப்படித்தான்:

“சித்தப்பா, நிக்கிற கரும்பை வெட்டிக்கிடுங்க. அதுவரைக்கும் சர்வேயரைக் கூட்டியாற மாட்டேன். ஆனா அடுத்த போகம் அங்க போடாதீக.”

“நீ சொல்லுவ. நாளைக்கு தாசில்தாரு வந்து நிப்பாரு.”

“வந்தா மொதல்ல எங்க அப்பா வரப்புல இருந்துதான் அளக்கச் சொல்லுவேன். அதை நீங்க பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

இந்தக் கடைசி வாக்கு வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. அளவு எப்போதும் உங்கள் சொந்தக்காரர், பங்காளி, கட்சிக்காரர் நிலத்தில்தான் தொடங்க வேண்டும். கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பக்கத்தில், இரண்டு சென்ட் கீரைப் பாத்தி வைத்திருக்கும் காலனிக்காரரிடம் முதல் கல்லை நட்டுவிட்டு, ஐந்து ஏக்கர் வளைத்தவரிடம் ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்றால் ஊர் அன்றைக்கே உங்களை எடைபோட்டுவிடும். பெரும்பாலான கண்மாய்களில் கடைமடை நிலம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பேச மாட்டார்கள், அவ்வளவுதான். கமிட்டியில் கடைமடைக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயருக்கு இருந்தால் போதாது. வரவு செலவில் கையெழுத்துப் போடுபவராக இருக்க வேண்டும். இது விட்டுக்கொடுக்கக் கூடாத பத்தியில் போட வேண்டிய விஷயம். ‘இப்ப எதுக்கு அதெல்லாம், மொதல்ல வேல நடக்கட்டும்’ என்று நல்லவர்களே சொல்வார்கள். அவர்களிடம் கொஞ்சம் கொதிக்கலாம்.

எதிராளியை எங்கே உட்கார வைப்பது

1954-இல் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராசர் இருவரையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அதே காமராசர் ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தை, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டதை, வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை, எடுத்துவிட்டார். ஆளோடு பகை வேண்டாம், ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் இறங்கி வர முடியாது என்ற பிரிப்பு அதில் தெரிகிறது.

ஊர் அளவில் இது எப்படி வரும்? போன ஊராட்சித் தேர்தலில் தோற்றவர், ஜெயித்தவர் இருவருக்கும் கமிட்டியில் இடம் கொடுங்கள். ஆனால் பணப்பொறுப்பை இருவரிடமும் கொடுக்காதீர்கள். எதிர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் வேலை கண்காணிப்பைக் கொடுங்கள். குறை கண்டுபிடிக்கும் குணம் அங்கே பயன்படும். டிராக்டர் லோடு எண்ணுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

கிராம சபைக்கு முன்பே கிராம சபை முடிந்திருக்க வேண்டும்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அந்த ஆண்டே வேலை நடக்க வேண்டுமானால் மார்ச் 22 தான் உங்கள் நாள். மே 1 கடைசி வாய்ப்பு. ஆகஸ்ட் 15-இல் தீர்மானம் போட்டால் அது அடுத்த ஆண்டுக்கான தீர்மானம்.

சபை செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை மகளிர் குழுக்களைக் கொண்டு நிரப்புவதுதான் சுலபம். தலைவிகளிடம் பத்து நாளுக்கு முன்பே பேசுங்கள். குடிதண்ணீர்க் கிணற்றின் ஊற்று கண்மாயோடு தொடர்புடையது என்பதை உங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

சபைக்கு முந்திய வாரம் செய்ய வேண்டியது: நோட்டில் உள்ள ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பார்ப்பது. சபையில் யாரும் புதிதாகக் கேட்கும் செய்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான்கு பேர் முன்னால் திடீரென்று கேட்டால், சம்மதிக்க நினைத்தவரும் மறுத்துவிடுவார். திண்ணையில் கேட்டால் அதே ஆள் மோர் கொடுத்துச் சம்மதிப்பார். ஊராட்சிச் செயலரிடம் பொருளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘கண்மாயைக் காப்பாற்ற நடவடிக்கை எடுக்கக் கோருவது’ என்று எழுதினால் அதை வைத்து ஓர் அலுவலரும் ஒரு வேலையும் செய்ய முடியாது. இப்படி இருக்க வேண்டும்: ‘இவ்வூராட்சி, சர்வே எண் இன்னதில் உள்ள கண்மாயின் வரத்துக்காலை, சர்வே எண் இன்னது முதல் இன்னது வரை அளந்து எல்லைக்கல் நட்டுத் தர வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.’ யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் உள்ளே வர வேண்டும். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அளந்து கல் நட்டால் போதும். யார் ஆக்கிரமித்தார் என்பதைக் கல்லே சொல்லிவிடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, வந்தவர்கள் கையெழுத்தும் ஆன பிறகே இடத்தைவிட்டு எழுந்திருங்கள். நகலை அந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் நெருக்கிப் பிடிக்க உள்ளூர் ஆள் இருக்க மாட்டார் என்பது குறை. முன்னாள் தலைவரைச் சமாதானப்படுத்தும் வேலை குறைவு என்று நினைத்தால் அது தப்பு. அவர் அடுத்த தேர்தலுக்கு நிற்பார்.

அலுவலரிடம் போகும்போது

இருபது பேராகப் போகாதீர்கள். மூன்று பேர் போதும்: வயதான ஆயக்கட்டு விவசாயி ஒருவர், மகளிர் குழுத் தலைவி ஒருவர், நீங்கள். ஒரு பக்க மனு, தீர்மான நகல், புலப்பட நகல். பேச்சை விவசாயி தொடங்கட்டும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி என்று முடிவுகட்டிக்கொண்டு உள்ளே போனால் முகத்திலேயே தெரிந்துவிடும். அவருக்கு உள்ள பயங்கள் வேறு: தணிக்கையில் கேள்வி வரும், யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள், மேலிடத்திலிருந்து போன் வரும். உங்கள் தாள் அவரைக் காப்பாற்றுவதாக இருக்க வேண்டும். ‘கிராம சபைத் தீர்மானப்படி’ என்ற சொல் அவருக்குக் குடை மாதிரி. “சார், நீங்க அளக்க உத்தரவு போட்டா ஊர்ல தகராறு வராது, அந்த ரெண்டு குடும்பத்துட்டயும் பேசியாச்சு” என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பேசாமலே பேசிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். சர்வேயர் வரும் நாளில் கட்டை தூக்கிக்கொண்டு வருவார்கள், அதன்பின் அந்த அலுவலர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

மண் எடுப்பதற்கான அனுமதியை 2024 முதல் தாசில்தார் அளவிலேயே தருகிறார்கள். விவசாயத்துக்கு வண்டல் இலவசம்: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. லோடு கணக்கில் 25, 30. இங்கேதான் கணக்கும் அரசியலும் ஒன்றாகக் கலக்கின்றன. நீங்கள் எடுக்க நினைக்கும் ஐந்து ஏக்கர், ஓரடி மண் 2,055 லோடு. அதை வாங்கிக்கொள்ள 82 ஏக்கர் நன்செய் வேண்டும். பத்து டிராக்டர், ஆளுக்குப் பன்னிரண்டு நடை என்றால் 17, 18 நாள். அத்தனை ஏக்கர்க்காரரையும் முன்கூட்டியே பெயர் எழுதி மனுப்போட வைத்தால், வண்டல் விழும் ஒவ்வொரு வயலும் உங்கள் பக்கம். யார் வயலில் எத்தனை லோடு என்று ஊர் கூடும் மந்தையில் எழுதி ஒட்டுங்கள். சூளைக்கு ஒரு வண்டி போனாலும் அன்றைக்கே தெரிய வேண்டும்.

எடுக்கும்போது இரண்டு எச்சரிக்கை. கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள், மழையில் கரை சரியும். மடைத்தளத்துக்குக் கீழே ஆழமாகப் போகாதீர்கள். அங்கே நிற்கும் தண்ணீர் தானாகப் பாயாது, மோட்டார் வைத்தவருக்குத்தான் உதவும். எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் அடித்த முளையைத் தாண்ட விடாதீர்கள்.

தகவல் உரிமை மனு, திங்கள்கிழமை குறைதீர் நாள், கோர்ட் என்று ஆயுதங்கள் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே எடுத்தால் மழுங்கிவிடும். மனு கொடுத்து ஒரு மாதம் அசைவில்லை என்றால் குறைதீர் நாளில் மனுப்போட்டு எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் மனு. பதிலுக்கு 30 நாள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன தேதியிட்ட மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் குறிப்புக் கோப்பு நகல்’ என்று கேளுங்கள். நீர்வளத்துறைக் கண்மாயில் ஆக்கிரமிப்பு எடுக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும், மேசையில் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கொதிப்பைக் காட்ட வேண்டிய இடங்கள்

அடக்கு அடக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஆள் சவமாகிவிடுவார். ஊர் உங்கள் பின்னால் வருவது உங்கள் புத்திசாலித்தனத்துக்காக இல்லை, உங்களுக்கு வலிக்கிறது என்பது தெரிவதால். அதைக் காட்டுங்கள், பார்த்துக் காட்டுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு நில்லுங்கள், பதினேழு நாளும். முதல் கூட்டத்தில் நான்கு நிமிடம் மனம்விட்டுப் பேசுங்கள், ஐந்தாவது நிமிடம் ஊர் மொபைலைப் பார்க்கும். உங்கள் குழுவில் உள்ள பையனையோ பெண்ணையோ யாராவது மிரட்டினால், அன்று மாலையே மிரட்டியவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தமில்லாமல், தெளிவாகப் பேசுங்கள். அப்போது அடங்கிப் போனால் அடுத்த நாள் யாரும் வர மாட்டார்கள். பணத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் சத்தம் போடலாம்.

காட்டக் கூடாத இடம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், வாட்ஸ்அப் குழு. இரவு பத்தரைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் காலையில் டீக்கடையில் ஸ்பீக்கரில் ஓடும். மூன்று மாதம் திண்ணை திண்ணையாக ஏறிச் சேர்த்ததை நாற்பது வினாடி கெடுத்துவிடும். எழுத வேண்டும் போலிருந்தால் நோட்டில் எழுதுங்கள்.

பெயர், பேனர், தேங்காய்

இந்த வேலையில் உங்களிடம் உள்ள மலிவான காசு பெயர்தான். தாராளமாகச் செலவழியுங்கள். வேலைத் தொடக்கத்துக்கு ஒன்றியக் கவுன்சிலர், எல்லாக் கட்சிக் கிளைச் செயலாளர்கள், கோயில் பெரியதனம் எல்லோரையும் நேரில் அழையுங்கள். பேனரில் படம் வைத்தால் வரிசைச் சண்டை வரும். படமே இல்லாமல் கண்மாய் பெயரை மட்டும் போடுவது எல்லோருக்கும் சமம். உடைக்கப் போகும் தேங்காயை வயதில் மூத்த ஆயக்கட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், எந்தக் கட்சியும் வாய் திறக்காது.

நமக்கு நாமே திட்டத்தில் எடுத்தால் ஊர்ப் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்த வசூலுக்கு ரசீதுப் புத்தகம் எண்ணிட்டு அச்சிடுங்கள். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை தோறும் வரவு செலவு மந்தையில். வசூலித்தவர் உறவுக்காரர், தணிக்கை பார்ப்பவரும் உறவுக்காரர் என்று இருக்கக் கூடாது.

சாமர்த்தியம் கெட்டுப்போவதற்கு அடையாளங்கள் உண்டு. கணக்கு எழுதி ஒட்டுவது ஒரு வாரம் தள்ளிப் போகும். ஒப்பந்ததாரர் வண்டியில் தாலுகா ஆபீசுக்குப் போவீர்கள். ‘விடமாட்டோம்’ பத்தியில் உள்ள ஒன்றை, ‘சூழ்நிலை அப்படி’ என்று இரண்டாம் பத்திக்கு நகர்த்துவீர்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நான்கைந்து பேரைக் கூப்பிட்டு முதல் நாள் எழுதிய தாளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மடைக்கதவின் சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் தலைமடை, கடைமடை ஆளுக்கு ஒரு சாவியாக இரண்டு பூட்டு. ஐப்பசியில் முதல் பெருமழை இரவில்தான் பெய்யும். அந்த இரவில் வரத்துக்கால் பாலத்தடியில் முள் அடைத்துக்கொள்ளும். டார்ச்சும் அரிவாளும் கொண்டு போக வேண்டிய ஆறு பேர் பெயரைப் புரட்டாசியிலேயே எழுதி, தெருவுக்கு இரண்டு பேராக, அவரவர் வீட்டில் சொல்லி வையுங்கள்.